காலிப் பெட்டிக்குள் நாற்பது குடும்பங்கள்

பெரிய மனிதர்களின் வரலாறு அவர்கள் பிறந்த வீட்டில் தொடங்குவது வழக்கம். திரு. பீம்ராவ் அவர்களுடைய வரலாற்றை ஓர் இரும்புப் பெட்டிக்குள்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. நாற்பத்தாறு வயதில், விழித்திருக்கும் நேரத்தில் சரிபாதியை அவர் அப்படிப்பட்ட பெட்டிகளோடுதான் கழிக்கிறார். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டைத் தாண்டிப் போகிற லாரிகள் முதுகில் கண்டெய்னர்களைச் சுமந்து போவதை எல்லோரும் பார்த்திருப்போம். சரக்கு இறங்கியபின் அந்தப் பெட்டிகள் எங்கே போய் ஓய்வெடுக்கின்றன என்று நாம் கேட்டதில்லை. அவை ஒரு யார்டில் ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து மாடி உயரத்துக்கு அடுக்கப்பட்டு, அடுத்த சரக்குக்காகக் காத்துக் கிடக்கின்றன. திரு. பீம்ராவ் அந்தக் காலிப் பெட்டி யார்டின் சர்வேயர். சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவர் என்று நம்பி, புளியந்தோப்பில் அவருடைய அடுக்குமாடியில் ஒருவர் பட்டாவோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். இவர் பார்ப்பது ஓட்டைகளை.

வேலை எளிது. காலிப் பெட்டிக்குள் போய் நிற்க வேண்டும். வெளியே இருக்கும் ஒருவர் கதவைச் சாத்துவார். உள்ளே கும்மிருட்டாகிவிடும். தகரத்தில் எங்காவது ஓட்டை இருந்தால் அதன் வழியாக வெயில் ஊசி போல நீட்டிக்கொண்டு வரும். வந்தால், ஓட்டையைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட வேண்டும்; வெல்டர் வந்து அடைப்பார். வராவிட்டால் வெளியே வந்து கதவில் ‘ஓகே’ என்று எழுத வேண்டும். அந்த ஓகேயை நம்பித்தான் உள்ளே மிளகாயும் மஞ்சளும் ஏறிக் கடல் தாண்டிப் போகின்றன. ஒரு நாளைக்கு இருபத்தைந்து பெட்டி. இருபத்தைந்து முறை இருட்டு.

கதவைச் சாத்துகிறவர் புஷ்பவல்லி. திருவொற்றியூர் மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர், வயது ஐம்பத்திரண்டு, கான்ட்ராக்டில் வந்த துப்புரவுத் தொழிலாளி. பெட்டியைச் சோதித்து முடித்ததும் அவர் உள்ளே போய்ப் பெருக்கி, ஈரத்துணியால் துடைப்பார். ஆக, இவர் உள்ளே இருக்கும்போது அவர் வெளியே. அவர் உள்ளே போகும்போது இவர் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். இரண்டு வருடமாக ஒரே இடத்தில் வேலை செய்த இருவரும் பேசிக்கொண்டது மொத்தம் இரண்டு சொல். ஒன்று ‘மூடு.’ இன்னொன்று ‘தொற.’

வீட்டிலும் பேச்சுவார்த்தை இதைவிடச் செழிப்பாக இல்லை. அம்மா போய் மூன்று வருடம். தங்கை ஷாலு ஓசூரில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை போன் செய்து, “சாப்ட்டியா?” என்று கேட்பாள். இவர் “சாப்ட்டேன்” என்பார். அத்துடன் அந்த அரையாண்டு முடிந்துவிடும். கல்யாண முயற்சி இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் பெண் வீட்டார் என்ன வேலை என்று கேட்டார்கள். காலிப் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பது என்று இவர் உள்ளதைச் சொன்னார். உண்மை பேசுகிறவர்களுக்கு நாட்டில் என்ன மரியாதை என்று நமக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம் இருந்தது. யார்டின் வாசலில் இருக்கும் கேட் ஆபீஸ். ஒற்றை அறை, ஒரு மின்விசிறி, நான்கு நாற்காலி. காலையில் உள்ளே வரும்போதும் சாயங்காலம் வெளியே போகும்போதும் திரு. பீம்ராவ் அந்த ஜன்னலைக் கடந்து போவார். உள்ளே யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றும் சத்தம் கேட்கும். ரஷீது என்ற கிளார்க் ஒரு சிரிப்பு சிரிப்பார். அது பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டியின் சத்தத்தையும் மீறி நான்கு வரிசை பெட்டிகளுக்கு அப்பால் கேட்கும். எதற்குச் சிரித்தார் என்று தெரியாமல் திரு. பீம்ராவ் பல நாட்கள் வேலையில் கவனமில்லாமல் இருந்திருக்கிறார். சொர்க்கம் பற்றி அவருடைய பௌத்தக் குடும்பத்தில் அதிகம் பேசியதில்லை. இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவர் தீர்மானித்திருந்தார்.

சென்ற வருடம் அந்த நான்கு நாற்காலிகளில் ஒன்று காலியானது.

கேட் ஆபீஸிலிருந்து வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளுக்கு மெயில் போக வேண்டும். ஏற்கெனவே போன சில மெயில்களைப் படித்துவிட்டு ஒரு கப்பல் கம்பெனி, இது என்ன மொழி என்று மரியாதையாக விசாரித்திருந்தது. ஆகவே தலைமை அலுவலகம் ஒரு சட்டம் போட்டது: இனி அந்த நாற்காலியில் உட்கார ஆங்கிலச் சொல்வளத் தேர்வு எழுத வேண்டும். அறுபது கேள்வி. விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு ஜெராக்ஸ் புத்தகம் கொடுத்தார்கள். அதில் ஆங்கிலச் சொற்கள் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மொத்தம் நாற்பது குடும்பங்கள். ‘ஸ்பெக்ட்’ என்று ஒரு தலைவர்; அவருக்குக் கீழே இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட், சஸ்பெக்ட், ப்ராஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர். ‘ஜெக்ட்’ என்று இன்னொருவர். ரிஜெக்ட், இன்ஜெக்ட், ப்ராஜெக்ட், ஆப்ஜெக்ட் எல்லாம் அவர் வாரிசுகள்.

திரு. பீம்ராவ் இதை வாசித்து அசந்துபோனார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலச் சொற்கள் அவருக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களைப் போல, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல்தான் அறிமுகமாகியிருந்தன. அவை எல்லாம் சொந்தக்காரர்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. இன்னொன்றையும் கவனித்தார். குடும்பத் தலைவர் தனியாக எங்கும் போவதில்லை. ஸ்பெக்ட் என்று மட்டும் சொன்னால் அர்த்தமே இல்லை. முன்னாலோ பின்னாலோ யாராவது கூட வந்தால்தான் அவர் வீட்டை விட்டுக் கிளம்புவார். இந்த வசதி தனக்கு இல்லையே என்று திரு. பீம்ராவ் சற்றுப் பொறாமைப்பட்டதாகத் தெரிகிறது.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், ‘குடும்பம் இல்லாத சொற்கள், தனித்தனியாக மனப்பாடம் செய்யவும்’ என்று ஒரு பட்டியல் இருந்தது. அதை முதல் சாயங்காலமே முடித்துவிட்டார். எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

மற்ற நாற்பதும்தான் கஷ்டம். வீட்டில் படித்தால் தூக்கம் வந்தது. பஸ்ஸில் படிக்க முடியாது. புளியந்தோப்பிலிருந்து திருவொற்றியூர் வரை பஸ்ஸில் நிற்பதே ஒரு படிப்பு. யோசித்துப் பார்த்தார். நகரத்திலேயே ஆள் நடமாட்டம் இல்லாத, கதவு சாத்திய, இருபதடி, நாற்பதடி நீளப் படிப்பறைகள் அவருக்கு நாள்தோறும் இருபத்தைந்து ஒதுக்கப்பட்டிருந்தன. எந்த ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தில் இந்த வசதி உண்டு?

முறை இதுதான். பெட்டிக்குள் போனதும், கதவு சாத்துவதற்கு முன்னால், சுவரில் சாக்பீஸால் ஒரு குடும்பத்தை எழுதுவார். ‘மூடு’ என்பார். இருட்டில் அந்தக் குடும்பத்தை வாய்விட்டு ஒப்பிப்பார். இரும்புச் சுவர்கள் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லும். இரண்டு வருடத்தில் அவர் பேசியதற்குப் பதில் வந்தது அப்போதுதான். ‘தொற’ என்பார். வெளிச்சம் வந்ததும் சுவரைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார். இரண்டு நிமிடம் நிற்க வேண்டிய பெட்டியில் ஐந்து நிமிடம் நின்றார். பிறகு பத்து.

ஒரு நாள் புஷ்பவல்லி, அவர் கேட்காமலேயே கதவைத் திறந்தார்.

“இன்னா நைனா, உள்ள குடித்தனம் பண்றியா?”

“படிக்கிறேன் யக்கா.”

“இருட்டுலயா?”

“வாயால படிக்கிறேன்.”

“நா இன்னாவோ உள்ள காத்து கருப்பு பூந்துகிச்சின்னு நென்ச்சிகினு கீறேன். சஸ்பெட்டு சஸ்பெட்டுன்னு கத்திகினு கீற. யாரு அவுரு?”

“அது ஒரு குடும்பம் யக்கா.”

“குடும்பத்தோட திட்டிகினு கீறியா? சரி, சீக்கிரம் திட்டி முடி. வெயில்ல எனக்கு மண்டை காயுது.”

இரண்டு வருடத்தில் இதுவே அவர்களுடைய மிக நீண்ட உரையாடல். திரு. பீம்ராவ் அன்று சாயங்காலம் பஸ்ஸில் இதை மனதுக்குள் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். தான் சொன்ன பதில்களை இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இப்படி முப்பத்தொன்பது குடும்பங்கள் படிந்துவிட்டன. ஸ்பெக்ட் குடும்பம் மட்டும் படியவில்லை. ஆள் அதிகம்; ஒருவரை அழைத்தால் இன்னொருவர் வந்து நிற்பார். தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு, கிழக்குப் பக்கம் முகம் காட்டி நின்ற ஒரு நாற்பதடிப் பெட்டிக்குள் போனார். மூடு என்றார். மூடியது. இருட்டவில்லை.

சுவரில், சரியாக அவர் கண் உயரத்தில், பெரிய ஸ்டிக்கர் பொட்டு அளவில் ஓர் ஓட்டை. அதன் வழியாக வெயில் நேராக வந்து அவர் சட்டைப் பையில் விழுந்தது. பையில் இருந்தது ஜெராக்ஸ் புத்தகம். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. நான்கு மாதம் குருட்டுப் படிப்பு படித்தவருக்கு முதல்முறையாகத் தெருவிளக்கு கிடைத்தது. ஓட்டையைச் சுற்றியே, அந்த வெளிச்சத்திலேயே, ஸ்பெக்ட் குடும்பத்தை ஒருவர் விடாமல் சுவரில் எழுதினார். இருபது நிமிடம் படித்தார். எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள். நிறைந்த மனதோடு வெளியே வந்து, கதவில் ‘ஓகே’ என்று எழுதினார்.

அவர் பொய் எழுதவில்லை என்பதை வரலாறு பதிவுசெய்ய வேண்டும். அவருக்கு அது ஓட்டையாகத் தெரியவில்லை. விளக்காகத் தெரிந்தது. விளக்கைச் சுற்றி யாராவது வட்டம் போடுவார்களா?

தேர்வு ராயபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நடந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண், “அங்கிள், யாரை விட வந்தீங்க?” என்று கேட்டாள். “என்னியத்தான்” என்றார். அறுபதுக்கு ஐம்பத்துநான்கு. அவர்தான் முதல். விட்டுப்போன ஆறும் ஒரே வகைக் கேள்வி: ‘இக்குடும்பத்தைச் சேராதவரை நீக்குக.’ யாரை நீக்குவது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அவ்வளவு பேர் கூடி உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து ஒருவரை எழுப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அந்த ஆறையும் காலியாக விட்டுவிட்டு வந்தார்.

நியமன உத்தரவு டைப் ஆனது. யார்டு மேனேஜர் மஹீன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மஹீனுக்கு வயது முப்பத்தொன்று. நல்லவர், எதிலும் அவசரப்பட மாட்டார். அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்த வாரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. ஒரு பெட்டி மிளகாய் வற்றல் வழியில் மழைநீர் இறங்கிப் பூசணம் பூத்துப் போய்ச் சேர்ந்திருந்தது. கூடவே ஒரு போட்டோ. நடுவில் ஓட்டை. அதைச் சுற்றி, சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் போல, இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட், சஸ்பெக்ட், ப்ராஸ்பெக்ட். சரக்கை வாங்கியவர் இதைத் தன்மேல் எழுதிய நையாண்டி என்று எடுத்துக்கொண்டு, யாரை சஸ்பெக்ட் என்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

விசாரணை கேட் ஆபீஸில் நடந்தது. மஹீன் ஒரு நாற்காலியில். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி சங்கமித்ரா ஒரு நாற்காலியில். நடப்பதை எழுதிக்கொள்ள ரஷீது மூன்றாவதில். “உக்காருங்க” என்று நான்காவதைக் காட்டினார்கள். மின்விசிறி தலைக்கு நேர் மேலே இருந்தது. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி, முதல் கப்பை அவர் கையில்தான் கொடுத்தார்கள்.

“உங்க பேரு?” என்றார் சங்கமித்ரா.

அவர் பெயரை இரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை. தன் தாத்தா அந்தப் பெயரை எதற்காக வைத்தார், அந்தப் பெயரை வைத்துவிட்டால் படிப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா எப்படி நம்பினார், ஒட்டாதபோது என்ன செய்தார் என்று திரு. பீம்ராவ் விளக்கமாகச் சொன்னார். மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பேரு மட்டும் போதும் மாமு” என்றார் ரஷீது, கையை உதறிக்கொண்டு.

வீடு எங்கே என்று கேட்டார்கள். அதற்கு எட்டு நிமிடம் சொன்னார். நடுவில் ஏதோ சொன்னதற்கு ரஷீது அந்தப் புகழ்பெற்ற சிரிப்பைச் சிரித்தார். பெட்டிகளுக்கு அப்பாலிருந்து இத்தனை நாள் கேட்ட சிரிப்பை இரண்டடி தூரத்தில், தன் பேச்சுக்காக, கேட்டார் திரு. பீம்ராவ். தன்மேல் என்ன குற்றச்சாட்டு என்பதே அவருக்குச் சற்று நேரம் மறந்துவிட்டது.

புஷ்பவல்லியைக் கூப்பிட்டார்கள். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

“அந்தப் பெட்டியத் துடைச்சீங்களா?” என்றார் சங்கமித்ரா.

“தொடச்சேன் கண்ணு.”

“அப்புறம் எழுத்து எப்படி அப்படியே இருக்கு?”

“அழுக்கத் தொடச்சேன். எழுத்த தொடைக்கல.”

“ஏன்?”

“எழுத்தாச்சேம்மா. ஒரு பேப்பர் கால்ல பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறோம். எனக்குப் படிக்கத் தெரியாது. யாரு பேரோ, இன்னா சாமியோ. அதுமேல ஈரத்துணிய வெச்சி தேச்சா நல்லாவா இருக்கும்?”

“இந்த மாதிரி எத்தனை பெட்டி?”

“நா எங்க எண்ணிகினு இருந்தேன். இவுரு எழுதினது அத்தினியும்.”

மஹீன் கண்களை மூடிக்கொண்டார். நாற்பது குடும்பங்களும் அந்நேரம் எந்தெந்தத் துறைமுகங்களில் குடியேறியிருக்கின்றனவோ என்று அவர் நினைத்திருக்க வேண்டும். புஷ்பவல்லி துடைத்துவிடுவார் என்று நம்பித்தான் இவ்வளவு காலம் எழுதிக்கொண்டிருந்த திரு. பீம்ராவும் இதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

“ஓட்டை கண்ணுல படலையா?” என்று புஷ்பவல்லியிடம் கேட்டார் சங்கமித்ரா.

“வெளிச்சம் வந்துச்சு. இவுரு ஓகே போட்டுகிறாரு. ஓகே போட்டப்புறம் நா யாரு சொல்றதுக்கு?”

அவரை அனுப்பிவிட்டு, மஹீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தணிந்தது. சங்கமித்ரா கேட்காததுபோல் தன் போனைப் பார்க்கத் தொடங்கினார்.

“அண்ணா, ஒண்ணு பண்ணலாம். நீங்க ஓட்டைக்கு வட்டம் போட்டீங்க. அந்தம்மா துடைக்கும்போது வட்டம் அழிஞ்சுபோச்சு. ஓகேங்கறது பக்கத்துப் பெட்டிக்கு. மாறிப்போச்சு. இப்படி எழுதிக்கலாம். உங்க ஆர்டர் இதோ இருக்கு, கையெழுத்து போட்டுடறேன்.”

“அவங்க?”

“கான்ட்ராக்ட் ஆளுதானே. மீஞ்சூர் பக்கம் வேற யார்டுக்கு மாத்திடுவாங்க.”

“அவங்க வூடு திருவொத்தியூர் குப்பத்துல சார்.”

“பஸ் ஓடுதே.”

திரு. பீம்ராவ் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையை ஒருமுறை தடவிப் பார்த்தார். நல்ல நாற்காலி. இடது பக்கம் ரஷீது, எதிரே ஜன்னல், கைக்கெட்டும் தூரத்தில் பிளாஸ்க். இன்னும் பன்னிரண்டு வருடம், ஓய்வு பெறும்வரை, இங்கே உட்கார்ந்து திட்டு வாங்கலாம், திட்டலாம், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு சிரிக்கலாம். ஒரு சொல் போதும். ஐம்பத்துநான்கு மார்க் வாங்கியவரிடம் சொல்லுக்கா பஞ்சம்.

“யக்கா எதையும் அழிக்கல சார்” என்றார். “நா வட்டமே போடல. அந்த ஓட்டை வெளிச்சத்துலதான் படிச்சேன்.”

“எதுல?” என்றார் சங்கமித்ரா.

“ஓட்டைல மேடம்.”

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். நாற்பது குடும்பங்களையும், இருட்டையும், சுவர்கள் திருப்பிச் சொன்னதையும், ஸ்பெக்ட் வீட்டார் நான்கு மாதம் பிடிகொடுக்காமல் இருந்ததையும், அந்த வெயில் சட்டைப் பையில் விழுந்த காலையையும் சொன்னார். இருபது நிமிடம். ரஷீது எழுதுவதை நிறுத்திவிட்டார். டீ ஆறிப்போனது. யாரும் குறுக்கே பேசவில்லை.

“வேற ஏதாவது சொல்லணுமா?” என்று கடைசியில் கேட்டார் சங்கமித்ரா, மெதுவாக.

“கீது மேடம். நெறைய கீது. நாளைக்கு வரட்டுமா?”

“தேவையில்லைங்க. நீங்கதான் ஒத்துக்கிட்டீங்களே. முடிஞ்சுபோச்சு.”

குற்றத்தை ஒப்புக்கொள்வதில் உள்ள பெரிய குறை இதுதான். விசாரணை சட்டென்று முடிந்துவிடுகிறது.

தீர்ப்பு கருணையானது. வேலை போகவில்லை. காலிப் பெட்டியிலேயே தொடரலாம்; மூன்று வருடத்துக்கு எந்தத் தேர்வும் எழுதக்கூடாது. நாற்காலிக்கு இரண்டாவது மார்க் வாங்கிய எர்ணாவூர்ப் பெண் வந்தாள். மறுநாளே அவளும் ரஷீதும் ஏதோ சொல்லிச் சிரித்தது ஐந்தாவது வரிசை வரை கேட்டது.

அன்று மத்தியானம் புஷ்பவல்லி அவரை வழிமறித்தார்.

“ஏன் நைனா, என் பேரச் சொல்லிட்டு ஃபேன் காத்துல குந்திகினு இருந்திருக்கலாம்ல? மீஞ்சூர்ல இன்னா பெட்டியா இல்ல?”

“உள்ள பேசினது உனக்கு எப்டி தெரியும்?”

“ஜன்னல் தொறந்துதானே கீது. அல்லாம் காதுல வுழுந்துச்சு. என்னா பேச்சு பேசுற நீ. ஊமைன்னு நென்ச்சேன்.” பெட்டி அடுக்கின் நிழலில் தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தார். “துன்னியா? துன்னலன்னா இப்டி வந்து குந்து. எதுக்கு அந்தாண்ட போயி தனியா குந்திகினு துன்ற.”

திரு. பீம்ராவ் தன் பொட்டலத்தோடு வந்து, ஒரு கை இடைவெளி விட்டு உட்கார்ந்தார். புஷ்பவல்லி ஒரு துண்டு வஞ்சிரத்தை எடுத்து அவர் சோற்றின்மேல் வைத்தார். என்ன பேசலாம் என்று திரு. பீம்ராவ் யோசித்தார். குடும்பத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று முடிவுசெய்து வாயைத் திறந்தபோது புஷ்பவல்லியின் போன் அடித்தது.

“சொல்லு அம்மு” என்றார் அவர் மகளிடம். “இப்பதான் குந்தினேன். ஆங். அவன் இன்னா சொன்னான்? அதெல்லாம் கெடயாது, நீ நல்லா திட்டி வுடு. மாமியா எங்க போச்சு?”

சோறு தீரும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. திரு. பீம்ராவுக்குக் கேட்டது ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும். மறுபக்கத்தில் அம்மு என்ன சொல்லியிருப்பாள் என்று அவர் தானாக இட்டு நிரப்பிக்கொண்டார். ஓரிடத்தில் அவளுடைய மாமியார் செய்தது சரியில்லை என்று அவருக்கும் பட்டது. மீன் முள்ளை ஒதுக்கிவிட்டு, பொருத்தமான இடங்களில், போனுக்குக் கேட்காத அளவில், ‘உம்’ என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டார்.